இருபது சகனும் பூச்சிய மாப்பிள்ளையும்

கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று நம்பியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்: நானும் என் வாப்பாவும். ராத்தாவின் (அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) கலியாணத்தோடு இருவருமே திருந்திவிட்டோம்.

அப்போது நான் ஏறாவூரில் உயர்தர விஞ்ஞான மாணவன். கம்பியின் தடிப்பை மூன்று தசமத்துக்கு எழுதப் பழகிய திமிர் வேறு. விருந்துக்கு எத்தனை சகன் சோறு ஆக்குவது என்ற கணக்கை வாப்பா என்னிடம் ஒப்படைத்தார். (சகன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு.)

கைபேசியில் எக்செல்லைத் திறந்தேன். வரிக்கு ஒரு வீடு. ஆட்களை ஆறால் வகுத்து, அங்கேயே கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்டி, கடைசியில் கூட்டினேன். எங்கள் பக்கம் இருபது வீடு, வீட்டுக்கு ஆறு பேர். ஓட்டமாவடி மாப்பிள்ளை பக்கம் அறுபது வீடு, வீட்டுக்கு இரண்டு பேர். விடை: இருபது சகன். (மட்டந்தட்டுவது இறுதி விடையில்தான், நடுவில் அல்ல என்று பள்ளிக்கூடத்து சேர் படிப்பித்த அன்று நான் தூங்கியிருக்க வேண்டும்.)

விரல் மடித்து எண்ணும் சமையற்காரர் சேகு காக்கா, "தம்பி, நாப்பது சகனாவது வேணுமே?" என்று இழுத்தார்.

"கணக்கு பிழைக்காது காக்கா," என்றேன். அந்தத் தொனியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை பஸ் பிந்தியது. பசி பொறுக்காத எங்கள் ஆட்கள் முதலில் உட்கார்ந்து இருபது சகனையும் காலி செய்தார்கள். பிறகு வந்த நூற்றிருபது பேரும் கைகழுவிவிட்டு நின்றார்கள், நடுவில் மாலையோடு மாப்பிள்ளை. பானையில் அடிப்பிடித்த சோறுதான் மிச்சம். உள்ளே உம்மா அழத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். ராத்தாவின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் கைபேசியை நீட்டினேன் (விடை சரி என்று காட்டத்தான், வேறென்ன). இடையில் புகுந்து அதை வாங்கிய மாப்பிள்ளை வரிவரியாகப் பார்த்தார். அவர் தரப்பு வீடுகளில் இரண்டை ஆறால் வகுத்தால் 0.33, மட்டந்தட்டினால் பூச்சியம். அறுபது வரியிலும் அதே பூச்சியம். கடைசி வரியில் அவரும் அவருடைய தோழனும்: அதுவும் பூச்சியம்.

"பெரிய வாப்பா, கொஞ்சம் நில்லுங்க. இவன்ட கணக்குல மாப்பிள்ளையே வரல்ல," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. பெரிய வாப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி சோறு வேகும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அடுப்புக்கு விறகு தள்ளினேன்.

ராத்தாவும் அந்த மாப்பிள்ளை மச்சானும் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார்கள். பழைய மானக்கேடு ஆறாத உம்மா, அந்த இரண்டு பேருக்கும் ஒரு முழுச் சகனை நிரப்பி வைத்து, முடியும்வரை எழும்ப விடமாட்டார். மச்சானுக்கு இப்போது சீனி வருத்தமும் கொழுப்பும். காரணம் கேட்கும் டொக்டருக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"என்ட பொண்டாட்டிட தம்பி நடுவுல மட்டந்தட்டிட்டான், டொக்டர்."