மாத்திரைக்கு ஆகாதவை

கம்பெனி டாக்டர் பிரஷர் பார்க்கப் புஜத்தில் சுற்றிய பட்டையை அவிழ்த்துவிட்டு, எண்ணைச் சொல்லாமல் பேனா மூடியைத் தேடினார். சேதி நல்லதில்லை என்று பாய்லர் மெக்கானிக்குக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நூத்தி அம்பத்தெட்டு. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைவிடக் கம்மியா இருந்துச்சே. ஒழுங்காப் போடறீங்களா?"

அவரா போடாதவர்? காலை ஏழு மணிக்கு அவர் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாக பாய்லரின் முள்ளைச் சிவப்புக் கோட்டைத் தாண்ட விடாத மனிதர். இத்தனை காலம் ஃபோர்மேன்களுக்கு முன்னால் கைகட்டி நின்றவரை, கடல் தாண்டிக் கட்டியிருக்கும் புது ஆலைக்கு ஃபோர்மேனாகவே அனுப்பப் போகிறார்கள். இரண்டு வருடம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. தகுதிச் சான்றிதழில் ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதற்கு நான்கு திங்கட்கிழமைகள் தந்திருந்தார்கள். முதலாவது இதோ போயிற்று. நான்காவதும் போனால் அந்த வேலை அடுத்த ஷிப்டுக்காரருக்கு. அவருக்கு ஒரு நட்டைக்கூட நேராக முடுக்கத் தெரியாது என்பது நம் மெக்கானிக்கின் தாழ்மையான கருத்து.

டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில், போன வாரம் ஜலதோஷம் பிடித்ததும், மூக்கடைப்புக்கு மனைவி மாத்திரை கொடுத்ததும் வெளியே வந்தன.

"அது மூக்கைத் திறக்கும், பிரஷரை ஏத்தும். உங்க மாத்திரைக்கு அது ஆகாது," என்றார் டாக்டர்.

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். தன்னால்தானே இப்படி என்று புலம்பியவளை அவர்தான் தேற்ற வேண்டியிருந்தது. தங்கமான மனுஷி. இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டுமே என்று அவர் முதலில் தயங்கியபோதுகூட, இதற்குத்தானே இவ்வளவு உழைத்தீர்கள், போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சளி மாத்திரை குப்பைக்குப் போயிற்று. நடந்தால் அழுத்தம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மறுநாள் முதல் காலையில் ஐந்து கிலோமீட்டர், மாலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தார். மூன்றாம் நாள் முழங்கால் இரண்டும் வீங்கின. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை மனைவியால் பார்க்க முடியவில்லை. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வலி மாத்திரையும் கொடுத்தாள்.

இரண்டாவது திங்கட்கிழமை நூற்று அறுபத்திரண்டு.

வலி மாத்திரை போட்டால் பிரஷர் மாத்திரை வேலை செய்யாது, சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்று டாக்டர் குரலை உயர்த்தினார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சாண் இறக்கினால் முழம் ஏறியது.

ஆனால் மெக்கானிக் அசரவில்லை. எங்கே கசிகிறது என்று தெரியாத குழாயை அவர் விட்டதே கிடையாது. பாய்லருக்கு எழுதுவதுபோல் தனக்கும் ஒரு நோட்டுப் போட்டு, வாய்க்குள் போவதையெல்லாம் மணி வாரியாக எழுத ஆரம்பித்தார். பிரஷர் மாத்திரை தவிர வேறு எந்த மாத்திரையும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவும் போட்டார். மனைவி அப்படியே கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டியபோது மாத்திரைப் பக்கமே அவள் போகவில்லை.

"இது மருந்தே இல்லைங்க, வெறும் வேரு," என்று அதிமதுரக் கஷாயத்தை நீட்டினாள். தித்திப்பாக இருந்தது. காலையும் மாலையும் தம்ளர் காலியாயிற்று.

மூன்றாவது திங்கட்கிழமை நூற்று அறுபத்தாறு.

டாக்டர் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். விரல் அதிமதுரத்தில் நின்றது. வேர்தானே என்று மெக்கானிக் இழுத்தார்.

"எட்டிக்காயும் மரத்துலதான் காய்க்குது. அதிமதுரம் பிரஷரை ஏத்தும். இனி ஒரு திங்கட்கிழமைதான் பாக்கி, ஞாபகம் வச்சுக்குங்க."

நல்லவேளையாக அந்த வாரம் பாய்லரை நிறுத்திக் கழுவும் வாரம். ஏழு நாளும் தானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பாயும் துண்டுமாக ஆலையிலேயே தங்கிவிட்டார். கேன்டீனில் உப்பைக் குறைத்துச் சமைக்கச் சொன்னார். அந்த ஒரு மாத்திரை, தண்ணீர், சாப்பாடு. வேறு எதுவும் பல்லில் படவில்லை. மனைவி தினமும் போன் செய்து, குரல் கரகரக்கிறதே, ஏதாவது கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். ஒருநாள் ஃபிளாஸ்க்கோடு வாசல்வரை வந்தும்விட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, உள்ளே விட வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார்.

நான்காவது திங்கட்கிழமை டாக்டர் நம்பாமல் இரண்டு கையிலும் அளந்தார். நூற்று இருபத்தெட்டு. அவர் கையெழுத்துப் போட்டபோது மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சான்றிதழை மடிக்காமல் கையில் பிடித்தபடியே, முதல்முதலில் மாத்திரை வாங்கிய மருந்துக்கடைக்குப் போனார். ஆறு மாதத்துக்கு மாத்திரை வேண்டும் என்றார். கடைக்காரப் பெண் அட்டைகளை எண்ணி முடிப்பதற்குள் தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்லித் தீர்த்தார். முதலில் சளி மாத்திரை, பிறகு வலி மாத்திரை, கடைசியில் அதிமதுரம். இதெல்லாம் ஆகாது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்குமே என்று செல்லமாகக் குறையும் பட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேனே சார். நீங்க மாத்திரை வாங்கிட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே உங்க வீட்டு அக்கா வந்து, இதுக்கு எதெல்லாம் ஆகாதுன்னு கேட்டு, நீங்க இப்ப சொன்ன அதே வரிசையில எழுதிட்டுப் போனாங்களே."