யூ-டர்ன் அண்ணேயின் நாலு சுற்று

உலகத்திலேயே தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட ஒரே லோரிக்காரர் எங்கள் ஊர் ஜெலாப்பாங்கின் யூ-டர்ன் அண்ணேதான். வீடு மாற்றுவது அவர் தொழில். ஆனால் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு புறப்படும் பெண்களின் சாமான் மட்டும் அவர் லோரியில் போய்ச் சேராது. பாதி வழியில் வீட்டுக்கே திரும்பிவிடும். பேர் வந்தது அப்படித்தான். ஒரு ஐஸ்பெட்டி மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியதாகக் கேள்வி.

மனுஷன் என்னதான் செய்கிறார் என்று எனக்கு வெகுநாள் குடைச்சல். அதைத் தெரிந்துகொள்ள என் குடும்பமே உடைய வேண்டியிருந்தது.

என் மனைவி சுமதி, சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவெடுத்தாள். அலமாரியை ஏற்றிய அண்ணே என்னையும் கூப்பிட்டார்.

"நீயும் ஏறு தம்பி. அங்க எறக்க ஆளு வேணும்லா."

நடுவில் சுமதி, ஜன்னலோரம் நான். லோரி கிளம்பியதும் சட்டம் போட்டார்.

"ஒருத்தர் பேசுனா இன்னொருத்தர் வாயத் தொறக்கக்கூடாது. அப்புறம் கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். மொதல்ல தங்கச்சி."

சுமதி பொரிந்து தள்ளினாள். "எங்கப்பா செத்து மூணு மாசம் ஆச்சு. நான் அழுதா இவரு டிவி சத்தத்தைக் கூட்டுறாரு அண்ணே!"

"தம்பி, என்னா சொல்லிச்சு?"

"நான் டிவி பாக்குறது புடிக்கலையாம்."

"இல்ல" என்றார் அண்ணே. புலாத்தான் என்கிற ரவுண்டானாவுக்குள் நுழைந்திருந்த லோரி எந்தச் சாலையிலும் வெளியேறாமல் வட்டமடித்தது.

"வீட்டு வேலைக்கு ஒத்தாசை பண்ணலையாம்."

இன்னொரு சுற்று.

"என் மேல பொதுவாவே கோவம்."

மூன்றாவது சுற்று. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்தார்கள். நாலாவது சுற்றில் எனக்குத் தலை சுற்றியது. உதவி கேட்பதுபோல் சுமதியைத் திரும்பிப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. எத்தனை நாளாய் வீங்கியிருந்ததோ!

"அவங்கப்பா போனதுலேர்ந்து தனியா அழுவுறா அண்ணே. நான் வீட்டுல இருந்தும்."

சுமதி உடைந்து அழுதாள். லோரி நேர்ச்சாலைக்கு வந்தது.

"இப்ப எங்க தங்கச்சி, வீட்டுக்கா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா கோழிக்கறி ஆக்கி வெச்சிருப்பா. சாப்பிட்டுட்டுத் திரும்பிரலாம்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அண்ணேயைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வைத்தியத்தை எங்கண்ணே படிச்சீங்க?"

"வைத்தியமா? இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காதுலா. ரெண்டு பேரும் சேந்து கத்துனா தலவலி வேற."

"அப்ப நான் சொன்னது தப்புன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன். நீ நாலாவது ரவுண்டுலதான் பாத்த."

அந்தப் பழைய லோரி எதிரே வந்தால் நானும் சுமதியும் சேர்ந்துதான் கையசைப்போம். அண்ணே நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அவர் தொழில் மட்டும் விளங்காமலே போகட்டும்.