கொடி நட்ட வயலில் இறங்காத கடிச்சான்

கடிச்சானின் பல்லுக்குத் தெரியாத நெல் இந்தப் பூமியில் இன்னும் விளையவில்லை. ஒரு மணியை முன்பல்லில் வைத்து 'டக்'கென்று கடிப்பார். "கடைமடை நெல்லு. இன்னும் ரெண்டு வெயிலு காயணும். கொண்டாந்தவன் பொய் சொல்றான்" என்பார். மூன்றும் சரியாக இருக்கும். கொண்டு வந்தவன் மட்டும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணத் தயாராக நிற்பான்.

திருவாரூர் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அவர் நெல் அவிக்கும் மேஸ்திரி. நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ரூபாய்க்குப் படியரிசி என்று சுவரில் எழுதியது இன்னும் அழியவில்லை. வயல்களிலோ கூலி நெல்லுக்காக மண்டைகள் உடைந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் முதலாளிக்கு மலேயா ஆசை வந்தது. நாகூர்க்காரர் ஒருவர் அங்கே மில் வைத்திருந்தார். தோட்டத்துத் தமிழர்களுக்குப் புழுங்கல் அரிசி போட அவர் கூட்டுக்கு ஆள் தேடினார். அந்த ஊர் நெல் புழுக்கத் தாங்குமா என்று கடித்துச் சொல்லக் கடிச்சான். அதை இங்கிலீஷில் எழுத நான்.

"நல்லபடியா எழுதிக் குடுத்தா உனக்கு அங்கயே வேலை. இல்லேன்னா மில்லுப் பக்கம் தலை காட்டாத" என்றார் முதலாளி. அப்பா அந்த வருஷம் நெஞ்சுவலியோடு படுத்திருந்தார். வீட்டில் ஐந்து வாய்க்கு என் சம்பளம்தான் சோறு.

வெளிநாடு என்றால் குளிரும் என்று நானாகவே முடிவு செய்து, இரவல் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, வாந்தியெடுத்து, பினாங்கில் இறங்கினால் நெருப்பாய் வெயில். தென்னை, வாழை, சேறு, கொசு. கடிச்சான் நாலு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, நம்மள ஏமாத்திட்டானுங்க. கப்பலச் சுத்திக் கொண்டாந்து நம்மூர்லயே எறக்கி விட்டுட்டானுங்க."

"இல்லண்ணே, இது மலேயா."

"அப்ப ஏன் நம்மூரு மாதிரியே நாறுது? நீ அந்தக் கரடித் தோலக் கழட்டு மொதல்ல."

மறுநாள் நாகூர்க்காரர் எங்களைக் காரில் ஏற்றி, அறுவடைக்கு நின்ற ஒரு வயலுக்குக் கொண்டுபோனார். பொன்னாய்ச் சாய்ந்த கதிர். கடிச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். வரப்பில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார். வயல் நடுவில் ஒரு கழி. அதன் நுனியில் சிவப்புத் துணி.

"எறங்க மாட்டேன்."

"ஏங்க?" என்றார் நாகூர்க்காரர்.

"கொடி நட்டிருக்கு."

"அது குருவி வெரட்டுற துணிங்க!"

"எல்லா மொதலாளியும் ஒண்ணு சொல்லுவாங்க பாய். குருவிக்கே புரியுது, எறங்கக் கூடாதுன்னு. நமக்குப் புரிய வேணாமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணே, ஒரு மணி, ஒரே ஒரு மணி கடிங்க. எனக்கு வேலை போயிடும்" என்று கெஞ்சினேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு வருசம் முன்ன, கூலி நெல்லு அர மரக்கா கூட்டிக் கேட்டு நம்ம ஆளுங்க வயலுக்கு வயலு செவப்புக் கொடி நட்டாங்க. நட்டா யாரும் அறுக்கக் கூடாது. என் வீட்ல நாலு நாளா ஒல ஏறல. நான் எறங்கிட்டேன். சும்மா எறங்கல தம்பி. மரியாதையா கொடியப் புடுங்கி வரப்புல சாச்சு வச்சுட்டுத்தான் எறங்குனேன். என் தம்பி வந்து அதத் திரும்ப நட்டுப் புடிச்சிக்கிட்டு நின்னான். மிராசு ஆளுங்க அடிச்ச அடியில அங்கயே போயிட்டான். நான் அருவாளோட பாத்துக்கிட்டு நின்னேன்."

வயல் கூலியாக இருந்தவர் அதை விட்டு மில்லுக்கு வந்த காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வயலுக்குச் சொந்தக்காரரான மலாய்க் கிழவர் எங்கள் சத்தம் கேட்டு வந்தார். நாகூர்க்காரர் மலாயில் ஏதோ சொல்ல, கிழவர் சிரித்துக்கொண்டே வயலில் இறங்கித் துணிக் கழியைப் பிடுங்கப் போனார்.

"புடுங்காதே!"

கடிச்சான் பாய்ந்து இறங்கினார். இடுப்பளவு கதிரைப் பிளந்துகொண்டு ஓடி, கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குருவி விரட்டும் கந்தலைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வயது ஆள் ஒருவர் வாய்விட்டு அழுதார். கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரும் கழியில் ஒரு கை வைத்தார்.

நாகூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. எறங்கி ஒரு பிடி உருவிட்டு வா. 'நல்ல நெல்லு'ன்னு நீயே எழுதிடு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் அடுத்த கப்பல்."

இறங்கி, கடிச்சான் நின்ற இடம் வரை போனேன். கதிர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் ஆடியது. அப்பாவின் நெஞ்சுவலி நினைவுக்கு வந்தது. கையை நீட்டினேன். நீட்டிய கை கடிச்சானின் முதுகில் போய் நின்றது.

பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்று பேர் காவல் நின்ற அந்த வயலுக்கு அன்று ஒரு குருவிகூட வரவில்லை.

அவர் அழுது முடிக்கும்வரை நான் கரையேறவில்லை.