தேயிலைப் பெட்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டி

சோதனையில் விஞ்ஞானப் பாடத்துக்குத் திறமைச் சித்தி பெற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதை எல்லாம் படித்த பிறகு சொன்னால் சான்றிதழைக் காட்டு என்பீர்கள்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பதுளையில் தங்கிப் படித்து, சோதனை பாஸ் பண்ணி, ஒரு வருசமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைக்காத நாட்களில் நான் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன, அறிவு பரவவேண்டும் அல்லவா?)

அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார்.

“தீவாளி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு வேலை அமையலேன்னா பேரு பதிஞ்சிட்டு காலையில பெரட்டுக்கு வந்துரு.”

பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் களத்தில் நின்றவர். நான் அங்கே வந்து நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை வருசமும் நின்றார். அப்பா பேசியபோது அம்மா அடுப்பில் இருந்த ரொட்டியைக் கொஞ்சம் பலமாகத் திருப்பிப் போட்டார்.

அப்போதுதான் மஜீது நானா வந்து சேர்ந்தார். சரியாகச் சொன்னால் நான்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். பதுளை பஜாரில் அவருக்கு ஒரு துணிக்கடை. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம்.) வேலை கேட்டுப் போனேன். “கடையில ஆள் போதும் மகன்” என்றார். நான் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்: “சயன்ஸ் படிச்சதாச் சொன்னீங்களே, ஒரு சாமான் காட்டட்டா?”

கடைக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், அது நின்றது. ஒரு காரவன். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது. இரண்டு சக்கரம், ஒரு கதவு, மூன்று சன்னல். லாரிக்குப் பின்னால் கொளுவினால் ஒரு வீடே கூட வரும்.

நானாவின் திட்டத்தைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பஸ் போகாத மேல் தோட்டத்து ஆட்கள் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ துணி எடுக்க ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் கூலியை, இழந்து டவுனுக்கு இறங்கவேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் கடையே மலை ஏறினால் என்ன? காரவனிலேயே துணி, காரவனிலேயே சமையல், காரவனிலேயே படுக்கை. பத்து நாள் சுற்றிவிட்டுத்தான் இறங்குவது.

“ஒரே ஒரு கண்டிஷன் மகன். லயத்துச் சனங்களுக்கு மலையில இருந்து பீலில வாற தண்ணிக்கே வரிசை. நான் போய் அதுல நிக்கப்படாது. குடிக்க, சமைக்க, அஞ்சு நேரமும் தொழ முந்தி முகம் கைகால் கழுவ, எல்லாத்துக்கும் தண்ணி இதுக்குள்ளயே ஈக்கணும். வெளிச்சமும் இதுக்குள்ளயே ஈக்கணும். ஒருத்தர்ட்டயும் ஒரு வாளி கேக்கப்படாது. செய்ய ஏலுமா?”

வியாபாரத்துக்குப் போகிற இடத்தில் ஒரு வாளித் தண்ணீருக்குக்கூடப் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைக்கிற மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏலும் என்றேன். அந்த நேரத்தில் சந்திரனுக்குப் போக ஏலுமா என்று கேட்டிருந்தாலும் ஏலும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“இது நல்லா ஓடினா உங்கள நிரந்தரமா வெச்சிக்கிறேன்” என்றார்.

வெளிச்சம் சுலபமாக வந்துவிட்டது. லாரி பற்றரி ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, லாரி ஓடும்போது அதுவும் சார்ஜ் ஏறும்படி ஒரு வயர் இழுத்து, கூரையில் இரண்டு சின்ன பல்ப் போட்டேன். எரிந்தது. நானா “மாஷா அல்லாஹ்” என்றார். என் தலை அன்றைக்கே காரவன் கதவுக்குள் நுழையாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

அடுத்தது தண்ணீர். நானா ஒரு இரும்புப் பீப்பாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். இரும்பு துருப்பிடிக்கும், பாரம் அதிகம், காரவனின் சமநிலை கெடும் என்று ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். என் யோசனை வேறு. தேயிலைப் பெட்டி!

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய பலகைப் பெட்டி, உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள். ஈரம் ஒரு சொட்டு உள்ளே போகாமல் கப்பலில் லண்டன் வரை தேயிலையைக் காப்பாற்றும் பெட்டி. ஈரம் உள்ளே போகாத பெட்டியிலிருந்து ஈரம் வெளியே மட்டும் எப்படி வரும்? (இந்தத் தர்க்கத்தில் இன்றைக்கும் என்னால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. பிழையைத் தண்ணீர்தான் கண்டுபிடித்தது.)

அப்பாவிடம் சொல்லி, கழித்துப் போட்ட பெட்டி இரண்டு வாங்கினேன். மூலைகளிலும் தாளின் மடிப்புகளிலும் பழைய தேயிலைத் தூள் அப்பிக்கிடந்தது. தட்டினேன். தட்டியவரை விழுந்தது. மூட்டுகளில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெட்டிகளைக் காரவனின் முன்பக்கம், கூரையை ஒட்டி ஒரு தட்டில் ஏற்றினேன். உயரத்தில் இருந்தால்தானே தண்ணீர் தானாகக் கீழே இறங்கும்? அந்த ஒரு விஷயத்தில் என் கணக்கு தப்பவில்லை.

பாரமான துணிக்கட்டு முன்பக்கம்தான் இருக்கவேண்டும் என்று, பெட்டிகளுக்கு நேர் கீழே நாற்பது சோடி வெள்ளை வேட்டிகளை அடுக்கினதும் நான்தான். எங்கள் தோட்டத்து மேக்கணக்கு ஆட்கள் (தோட்டத்தின் மேல் பிரிவை அப்படித்தான் சொல்வோம்) மொத்தமாகச் சொல்லிவைத்திருந்த தீபாவளி வேட்டிகள் அவை. முதல் பயணமே எங்கள் லயத்துக்குத்தான். “எம்மவன் வண்டிக்குள்ள ஒரு வீடே கட்டிட்டான், வெள்ளிக்கிழமை வருது” என்று அம்மா கொழுந்து மலை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், புறப்படும் நேரத்தில், எனக்குச் சுகாதாரப் பாடம் ஞாபகம் வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே பயன்படுத்தவேண்டும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கெஞ்சி, கொதிக்கக் கொதிக்க வாளி வாளியாய் வாங்கி, இரண்டு பெட்டியையும் நிரப்பினேன்.

மெழுகு சூட்டில் என்ன ஆகும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் படத்துடன் இருந்தது. அந்தப் படத்தை நான் கலர் பென்சிலால் வரைந்து ஆசிரியரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

லாரியை நானாதான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வருசம் காரவன் கூரையில் காற்றாடி வைத்து மின்சாரம் எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். பண்டாரவளை தாண்டியதும் நானா மூக்கை உறிஞ்சினார்.

“மகன், தேத்தண்ணி வாசம் ஒண்டு வருது.”

“பக்கத்துல ஃபெக்டரி இருக்கு நானா.”

அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் மறுபடியும் கேட்டார். “இப்பவும் வருதே?”

“இங்கயும் ஒரு ஃபெக்டரி இருக்கு நானா.”

பொய் இல்லை. இருந்தது. எங்கள் பக்கத்தில் தேயிலை வாசம் வருகிறது என்று யாரும் வண்டியை நிறுத்திப் பார்க்கமாட்டார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் பத்து மைலிலேயே நான் பிடிபட்டிருப்பேன்.

நாங்கள் மேக்கணக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலை விட்டு எல்லாரும் லயத்து முன்னால் கூடியிருந்தார்கள். அம்மா முதல் வரிசையில், தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார். நானா பெருந்தன்மையாக, “நீங்களே திறங்க மகன்” என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

படி வழியாக, கணுக்கால் நனைய, நல்ல சிவந்த நிறத்தில், இளஞ்சூட்டோடு அது இறங்கி வந்தது.

தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் செல்லையா மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அடேய், தம்பி நம்ம எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக்கிட்டு வந்திருக்கான்டா!”

“சீனி போட்டியா தம்பி?”

“ஆறிப்போச்சுப்பா, சூடு பண்ணிக் குடு!”

நான் உள்ளே பாய்ந்தேன். மேல் தட்டுகளில் சேலைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கீழே நாற்பது சோடி வேட்டிகளும் நனைந்து, திட்டுத் திட்டாக, உலகப்படம் மாதிரி கிடந்தன. ஒன்றில் ஆப்பிரிக்காவே தெளிவாகத் தெரிந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள். பதுளைக் கடையில் வேறு வெள்ளை வேட்டி இல்லை, இருந்ததெல்லாம் இதுதான். நாற்பது வீட்டு ஆம்பளைகள் பழைய துணியோடு தீபாவளி கொண்டாடப்போகிறார்கள், நான் படித்த காரணத்தால். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அதைப் பார்த்ததும் அடங்கிப்போனார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் மூட்டுகளையே பார்த்தார். காலையில் பெரட்டு எத்தனை மணிக்கு என்று நானே மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நானா கத்துவார் என்று நினைத்தேன். அவர் வேட்டி ஒன்றை எடுத்துப் பிழிந்தார். வானத்தைப் பார்த்தார். தொழுகை நேரம்.

“மகன், பத்து நாளைக்குத் தண்ணி எண்டீங்க. இப்ப முகம் கழுவ ஒரு கை தண்ணி ஈக்கா?”

இல்லை. அம்மாதான் வாளியோடு போனார். பீலி வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒதுங்கி, “நானாவுக்கு மொதல்ல புடிங்க” என்று வழிவிட்டார்கள். அவர் நிதானமாகக் கழுவி, ஒரு பாயை விரித்துத் தொழுதுவிட்டு வந்தார். அந்த மனிதரின் தீபாவளி வியாபாரம் காலடியில் வடிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதற்குள் அம்மா வேட்டி ஒன்றை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகர்ந்தார். கறை பட்ட ஓரத்தைச் சோப்பு போட்டுக் கசக்கினார். போகவில்லை. அதில் அவருக்கு ஏனோ சந்தோசம்.

“நானா, இது போகாதுங்க.”

“தெரியும் தங்கச்சி.”

“போகாதுன்னா நல்லதுதானுங்களே. பாதி பட்டா கறை. முழுக்கப் பட்டா கலரு.”

நானா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா, ஒரு துண்டைக் கிழித்து, சட்டியில் தேயிலைச் சாயம் காய்ச்சி, படிகாரம் கொஞ்சம் போட்டு முக்கி எடுத்து, அடுப்போரம் காயவைத்து, கசக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் தூள் வேணும்” என்று மறுபடியும் செய்தார். சோதனை, அவதானம், முடிவு. எனக்குத் திறமைச் சித்தி தந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் என்னிடமிருந்து பிடுங்கி அவரிடம் கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை கோயில் அண்டா வெளியே வந்தது. நாற்பது வேட்டிக்குத் தூளுக்கு எங்கே போவது? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் வந்தார், தோட்டத்துப் பங்கீடான கொத்தில் தங்களுக்குக் கிடைத்த தேயிலைத் தூளில் இரண்டு கை அள்ளி அண்டாவில் போட்டுவிட்டுப் போனார். ஒருவர்கூட என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. (செல்லையா மாமா சொன்னார். ஆனால் அவர் பெண் இல்லையே.) நான் உதவிக்குப் போனேன்.

“நீ விறகு தள்ளு. தண்ணிப் பக்கம் வந்தீன்னா காலை ஒடச்சிருவேன்” என்றார் அம்மா.

சாயந்தரம் லயத்துக் கொடிகளில் நாற்பது சோடி வேட்டி, ஒரே நிறத்தில், தங்கத்துக்கும் காய்ந்த இலைக்கும் நடுவில் ஒரு நிறத்தில், காற்றில் ஆடின. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் காரவனின் இரண்டு பல்பும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் பெண்கள் சேலையை விரித்து, சிரித்து, சண்டைபோட்டு எடுத்தார்கள். நானா பல்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துணி மடித்தார்.

தீபாவளி அன்று வழக்கப்படி தப்பு அடித்துக்கொண்டு, மாலையோடு துரை பங்களாவுக்குப் போனோம். வந்து ஒரு மாதமேயான புதுத் துரை. நாற்பது பேர் ஒரே நிறத்தில், தப்போடு, வாசல் ஏறி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“கணக்கப்பிள்ளை! இது எந்தச் சங்கம்? என்ன கேக்குறாங்க?”

“தேத்தண்ணிச் சங்கம் தொரை!” என்று பின்னாலிருந்து செல்லையா மாமா கத்தினார்.

விஷயம் விளங்கியதும் துரை இறங்கி வந்து, ஒரு வேட்டியின் நுனியைப் பிடித்து, தேயிலை ருசி பார்க்கிறவர் மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கலர் நல்லா எறங்கியிருக்கு” என்றார். அந்தத் தோட்டத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நானா அடுத்த தோட்டத்துக்குப் புறப்படும்போது அப்பாவிடம் சொன்னார்: “இவர பெரட்டுக்கு அனுப்ப வேணாம். என்னோட வரட்டும். வெளிச்சம் இவர்ட கையில சரியா வருது. தண்ணிய மட்டும் பீப்பாயில வெப்பம்.”

அவரிடம் ஆறு வருசம் வேலை செய்தேன். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மேக்கணக்கு ஆட்கள் கடைக்கு ஆள் அனுப்புவார்கள்: “வெள்ளை வேட்டி குடுங்க. சாயம் நாங்க போட்டுக்குறோம்.”

எனக்குக் கல்யாணம் நடந்தபோது, பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, மேக்கணக்கு ஆம்பளைகள் நாற்பது பேரும் தேயிலை நிற வேட்டி கட்டி வரிசையாக வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். நடுவில் மஜீது நானா, அவரும் அதே நிறத்தில் சாரன் கட்டியிருந்தார். அன்றைக்கு எடுத்த கருப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. யார் வந்தாலும் என் மனைவி அதைக் காட்டிச் சொல்வாள்: “இந்தப் படத்துல வெள்ளை வேட்டி கட்டியிருக்கிற ஒரே ஆளு இவருதான். வேட்டியை அத்தை இவர் கையில குடுக்கல. தானே கட்டிவிட்டு, தாலி கட்டி முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க.”