வாளைப் புளி போட்டுத் துலக்கியவள் எழுதுவது

மயூர் விஹார், தில்லி
விஜயதசமி, இரவு பன்னிரண்டே முக்கால்

மரியாதைக்குரிய சின்ன மாமாவுக்கு,

ஷ்வேதா எழுதுவது. இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அனிருத் தூங்கிய பிறகுதான் என் கை இரண்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கின்றன. பாளையங்கோட்டையில் நீங்களும் காந்திமதி அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் மூட்டுவலி தேவலையா? இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் போனால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஸ்பீட் போஸ்டுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று உங்களுக்கே ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் குக்கர் கொடுத்தார்கள், லீலாவதி பெரியம்மா வெள்ளி விளக்கு கொடுத்தார், நீங்கள் ஒருத்தர்தான் தினசரித் தாளில் சுற்றி ஒரு பிச்சுவாக் கத்தி கொடுத்தீர்கள். "பெருசா ஒண்ணும் இல்லம்மா, பரண்ல ஜோடியா கெடந்துச்சு, ஒண்ணு கைக்கு ஆப்பிட்டுச்சு, உங்க அத்தை பலாப்பழம் கீற வச்சிருந்தா, சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்றீர்கள். இன்றைக்கும் எங்கள் ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு நான் பட்டுப்புடவையில் கத்தியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் தாண்டிவிடுவார். உங்கள் அண்ணன் பிள்ளை ப்ரசன்னாவோ அன்றைக்கு என்னைப் பார்த்ததைவிட அந்தக் கத்தியைத்தான் அதிகம் பார்த்தார். மூன்று வருஷத்தில் அந்த ஒன்று ஏழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய தில்லியில் ஓட்டை உடைசல் வாங்கி விற்கிற ஒரு கபாடிக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். மெட்ரோவில் ஸ்கேனில் மாட்டும் என்று யோகா பாயில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வருவார், லிப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் ப்ரசன்னா பையா தினமும் யோகா செய்கிறார் என்று என்னிடம் மெச்சிக்கொள்கிறார்கள்.

கொண்டு வந்ததும் சாப்பாட்டு மேஜைதான். என் சப்பாத்தி மாவை ஓரமாகத் தள்ளிவிட்டு வாளைக் கிடத்தி, முழத்துக்கு ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். நீங்கள் அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பிடி மராட்டியம், அலகு சீமை, மொத்தத்தில் நாயக்கர் காலம் என்று தீர்ப்புச் சொல்வீர்கள். அந்தப் பெரிய வளைந்த வாள், பிடிக்குக் கீழே துருவுக்கு நடுவில் 14 என்று தெரிந்ததே, அது அரண்மனை ஆயுதசாலை எண் என்று அரை மணி நேரம் போனில் பேசினீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பால் பாயசம். போகட்டும், வைத்துக் கொடுத்தவள் நான்தான். இதற்கு நடுவில் அவருக்கு ஒரு கனவு வேறு. பழைய உருக்கில் தண்ணீர் ஓடுகிற மாதிரி வரி வரியாக இருக்குமாம், நீரோட்டம் என்பார்களாம், அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் ஜன்மம் கடைத்தேறிவிடுமாம். ஒவ்வொரு அலகையும் ட்யூப் லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், ஒரு வரியும் இருக்காது. அனிருத்துக்குக் காக்கா நரி கதை சொல்லாமல் இந்த நீரோட்டத்தைத்தான் கதையாகச் சொல்லித் தூங்க வைக்கிறார். குழந்தையும் சலிப்பில் தூங்கிவிடுகிறது.

நான் பொறுத்தேன் மாமா. குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயை எடுத்து வாளுக்குத் தேய்த்தார், பொறுத்தேன். குழந்தையின் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால் துருவைக் குடைந்தார், பொறுத்தேன். தடுப்பூசிக்குப் போன அன்றைக்குத்தான் என்னால் முடியவில்லை. க்ளினிக்கில் நர்ஸ் பிலோமி, நாகர்கோவில்காரப் பெண், தங்கமான பெண், அனிருத்தின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனாள். "எக்கா, போன மாசம் எடை முந்நூத்தி நாப்பது கிராம்னு போட்டிருக்கு. நீளம் இருபத்தொம்பது சென்டிமீட்டர். லேசான வளைவு, நுனியில துருன்னு எழுதியிருக்கு. புள்ளைக்கு எந்த நுனியில?" என்று கேட்டாள். பிச்சுவாவை எடை போட்டவர் அவசரத்துக்குக் கையில் கிடைத்த காகிதத்தில் குறித்திருக்கிறார், அது என் பிள்ளையின் எடை அட்டை. டாக்டர் அதை வாசித்துவிட்டு வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அச்சா டாக்டர், எல்லாம் டீக், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அனிருத்துக்குப் பதினொரு மாதம் ஆகிறது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், பிடித்தபடியே நாலடி வைக்கிறான். ஏழு ஆயுதமும் இருப்பது எங்கள் கட்டிலுக்கு அடியில், இழுப்பறையில். போன வியாழக்கிழமை நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் இழுப்பறையைத் திறந்து வெல்வெட் உறையை உருவி எடுத்து, தரையில் உட்கார்ந்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறான். அலகு அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. அவனைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக் கைவிரல் கால்விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ராத்திரி சொன்னால் உங்கள் பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "உறையிலதானே வாய் வச்சான் ஷ்வேது, முந்நூறு வருஷத்து உறை, கிருமி எல்லாம் எப்பவோ செத்திருக்கும்" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கடைசியில், ஆயுத பூஜை முடியட்டும், எல்லாவற்றையும் வெளியே எங்காவது பத்திரப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இப்போது பூஜைக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வழக்கம்தானே மாமா, நான் கொண்டு வந்ததா? கல்யாணமான முதல் வருஷம் அத்தைதான் எனக்குக் காட்டிக் கொடுத்தார், அரிவாள்மணையிலிருந்து தேங்காய்த் துருவி வரைக்கும் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று சந்தனம் குங்குமம் வைத்தால்தான் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரலாம், துருவோடு ஒன்றும் வரக் கூடாது என்று. ஏழும் பூஜையில் வைக்க வேண்டும் என்று ப்ரசன்னா சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். நான் முதல் நாள் மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மிக்ஸி, கத்தரிக்கோல், இடுக்கி, பிறகு இந்த ஏழு, எல்லாவற்றையும் பால்கனியில் போட்டு ஒரு ஆரஞ்சு அளவு புளியும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்தேன். கை எரிகிறது இன்னமும். பிச்சுவா ஒன்று மட்டும் அழுக்கு விடவில்லை, அதைப் புளித்தண்ணீரில் முக்கி வாளியை வாஷிங் மெஷின் மேலே ஏற்றி வைத்தேன், அதற்குள் அனிருத் எழுந்துவிட்டான். அது இன்னும் அங்கேயேதான் ஊறுகிறது. ஊறட்டும்.

சாயங்காலம் குர்கான் ஆபீசிலிருந்து வந்தவர் பால்கனியைப் பார்த்தார். பையைக் கீழே வைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். எனக்கு முதலில் நெஞ்சுவலியோ என்று பயமாகிவிட்டது. "ஷ்வேதா, அது அழுக்கு இல்லை" என்றார். என்ன என்றேன். "அது அழுக்கு இல்லை. அதுதான் அதோட வயசு. நீ கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி.தானே?" அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசின கடைசி வார்த்தை. மூன்று நாளாக எல்லாம் குழந்தை வழியாகத்தான். "அனி, அம்மாகிட்ட ரசம் இருக்கான்னு கேளு." அனிக்கு இன்னும் பேச்சே வரவில்லை, அவன் எங்கே கேட்க? நானும் "அனி, ரசம் மேடையில இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று அவனிடமே சொல்கிறேன். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

அவர் கோபத்தைக்கூட நான் புரிந்துகொள்வேன். நீங்கள் செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் அனுப்பின படத்தைப் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு பேர் இருக்கிற நம் குடும்ப குரூப்பில் என்ன எழுதினீர்கள்? "நம் பொக்கிஷம் இன்று மாலை மயூர் விஹாரில் நம்மை விட்டுப் போய்விட்டது. அதுவும் மருமகள் கையாலேயே. தாங்க முடியவில்லை." கீழே அழுகிற முகம் இரண்டு. நம் குடும்பத்தில் யாராவது எதையாவது முழுசாக வாசிப்பார்களா? ஐந்து நிமிஷத்தில் பதினெட்டு ஆழ்ந்த இரங்கல், ஒன்பது கும்பிடு, யாரோ ஒரு தீபம். லீலாவதி பெரியம்மா சென்னையிலிருந்து அழுதுகொண்டே போன் செய்து, யாரும்மா, என்ன வயசு என்று கேட்கிறார். முந்நூறுன்னு சொல்றாங்க பெரியம்மா என்றேன். பெங்களூர் சிவகுமார் அண்ணன் மட்டும் இரண்டாவது வாக்கியம் வரை வாசித்திருக்கிறார். அவர் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, போலீஸ் வந்துவிட்டார்களா, நல்ல வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். எனக்காக நம் குடும்பத்தில் யோசித்த ஒரே மனிதர் அவர்தான்.

சரி, அந்தப் பொக்கிஷத்தைப் பற்றி இப்போது நான் ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். முந்நூறு வருஷத்துத் துரு ஒரு ஆரஞ்சு அளவு புளிக்குப் போகாது மாமா. இது டீ டிகாக்ஷன் மாதிரி வழிந்து போயிற்று. யாரோ ஆசிட் தெளித்து ஒரு வாரத்தில் வளர்த்த துரு. அதற்கு அடியில் உங்கள் ஆயுதசாலை எண் 14 பளிச்சென்று தெரிகிறது, அதற்கு மேலே ஹிந்தியில் ஒரு பாண்டு வாத்தியக் கடையின் பெயர், கீழே பத்து இலக்க மொபைல் நம்பர். நாயக்கர்கள் மொபைல் வைத்திருந்தார்களா என்று உங்கள் பூதக்கண்ணாடியைத்தான் கேட்க வேண்டும். நேற்று அந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். இங்கே கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் வரும்போது இடுப்பில் ஒரு வாள் வைப்பார்கள், அதை வாடகைக்கு விடுகிற கடை. பதினான்கு என்றதும் அந்த ஆள் உள்ளே திரும்பி, "அரே, சௌதா நம்பர் மில் கயா" என்று, அதாவது பதினாலு கிடைத்துவிட்டது என்று, கத்தினார். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை திருப்பித் தராமலே போய்விட்டாராம். ஜல்தி கொண்டு வரச் சொல்கிறார். போனை வைப்பதற்கு முன், வீட்டில் கல்யாணமா, குதிரையும் வேண்டுமா என்று அன்பாக விசாரித்தார். இதை நான் இன்னும் ப்ரசன்னாவிடம் சொல்லவில்லை. அனி வழியாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, நீங்கள் எந்த குரூப்பில் என்னைக் கொலைகாரி ஆக்கினீர்களோ அதே குரூப்பில், செத்தது யாருமில்லை, தப்பு உங்களுடையது என்று எழுத வேண்டும். இரண்டு, ப்ரசன்னா கேட்பது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். அடுத்த மாதம் அனிருத்துக்கு முதல் பிறந்தநாள், அதற்குள் அவன் எதையும் பிடிக்காமல் நடந்துவிடுவான். அவன் நடப்பதற்கு முன்னால் ஏழும் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஏழும் என்றால் ஏழும்தான். நீங்கள் கொடுத்த பிச்சுவாதான் முதலில். உங்கள் பரணில் கிடந்தது, உங்கள் பரணுக்கே பார்சலில் வரும்.

பெரியவர்களிடம் இப்படி எழுதக் கூடாது என்று தெரியும். எழுதிவிட்டேன். அத்தைக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்கு ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள். அனிருத்துக்கு உங்கள் இருவர் ஆசியும் எப்போதும் வேண்டும், கத்தி மட்டும் வேண்டாம்.

கோபத்தோடும் மரியாதையோடும்,
ஷ்வேதா

பின்குறிப்பு: காலை ஏழரை மணி. கவரை ஒட்டுவதற்கு முன்னால், பார்சல் கட்ட வேண்டுமே என்று அந்த வாளியை இறக்கிப் பிச்சுவாவை எடுத்துத் துடைத்தேன். பால்கனியில் வெயில் விழுகிற நேரம். தற்செயலாகச் சாய்த்தேன். மாமா, அதில் தண்ணீர் ஓடுகிறது. அரிசி களைந்த தண்ணீரைச் சாய்த்தால் வரி வரியாக இறங்குமே, பிடியிலிருந்து நுனி வரை அப்படி. கார்பன் அதிகமான இடமும் குறைவான இடமும் அமிலத்தில் ஒரே மாதிரி கறுக்காது, இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. குழந்தை எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எடை முந்நூற்று முப்பத்தெட்டு, கையில் வேறு காகிதம் இல்லாததால் அனிருத்தின் அட்டையில்தான் குறித்திருக்கிறேன்.

ஆகவே ப்ரசன்னாவிடம் ஏழு என்று சொல்ல வேண்டாம், ஆறு என்று சொல்லுங்கள். இது மேல் பரணில், பூட்டுக்குள், சாவி என்னிடம். அவர் என்னிடம் நேராகப் பேசுகிற அன்றைக்குக் காட்டுவேன். குரூப்பிலும் இதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம், நாற்பத்தாறு பேரும் பரண் ஏறிவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஏறி, அந்த ஜோடியில் மற்றொன்று இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு படம். அத்தையிடம் சொல்லிவிடுங்கள், அதைத் தேய்க்கக் கூடாது, புளி, பவுடர் எதுவும் படக் கூடாது, அது அழுக்கு இல்லை. எவ்வளவு புளி, எத்தனை நாள் என்று நான் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.