மாதிரிக்கு என் வீடு

உதாரணத்துக்கு என்று எழுதிக் கொடுப்பதை யாரும் மாற்றுவதில்லை. அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இந்த உண்மையை நான் கண்டுபிடிப்பதற்குள் எங்கள் குடும்பம் இரண்டு அண்டா பிரியாணியைப் பறிகொடுத்துவிட்டது.

மலேசியாவின் ஜோகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளப் பிரிவில் சேர்வதற்கு முன்பு நான் தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். மரண அறிவித்தலில் வீட்டு எண் பிசகினால் மாலையோடு வந்தவர்கள் வேறு வீட்டில் அழுதுவிட்டுப் போவார்கள் என்று செய்தி ஆசிரியர் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் முகவரி என்றால் எனக்குப் பக்தி.

அப்போது எங்கள் வளாகத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு தளம், ஒவ்வொன்றும் ஒரு கோலம். ஒன்று ஊதா, ஒன்று மஞ்சள், இன்னொன்றில் வண்ணத்துப்பூச்சி பறந்தது (கணக்கியல் புலம்). இதை ஒழுங்குபடுத்த எங்கள் பிரிவு ஒரு பொதுக் களஞ்சியம் அமைத்தது. தளத்துக்கு உடை போன்ற தீம், சின்னச் சின்ன வேலைகள் செய்யும் மாட்யூல் எல்லாவற்றையும் ஒருவர் செய்து அதில் வைத்தால் மற்றவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். கம்பத்தில், அதாவது எங்கள் கிராமங்களில், விருந்துக்குப் பெரிய சட்டி வீடு வீடாக இரவல் போகுமே, அதேதான். சட்டியைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

நான் செய்தது நிகழ்ச்சி அறிவிப்பு மாட்யூல். தலைப்பு, நேரம், முகவரி, அடியில் பெரிய வரைபடம். மற்றவர்கள் மாதிரிக்கு ‘ஏபிசி’, ‘123’ என்று நிரப்பி வைப்பார்கள். பத்திரிகைக்காரனுக்கு அது பொறுக்குமா? வரைபடத்தில் பாசிர் கூடாங்கில் இருக்கும் எங்கள் வீட்டையே துல்லியமாகக் குறித்து வைத்தேன்.

“அலமாக்! சொந்த வீட்டையா போடுறே?” என்று பக்கத்து இருக்கை ஃபைசால் மலாயில் கேட்டான்.

“மாதிரின்னாலும் உண்மையா இருக்கணும்லா,” என்றேன். அந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.

இனி என் தங்கை மாலதியின் கதை. அவளுக்கும் அவள் விரும்பிய கணேசனுக்கும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. இரு வீட்டுக்கும் சம்மதம். சிக்கல் ஒன்றே ஒன்று: கல்யாணம் எங்கே? கணேசனின் அப்பா மாணிக்கம், பத்து பாகாட் துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர், “எங்க ஊர்லதான்” என்றார். என் அம்மா, “பொண்ணு வீட்டுலதான்” என்றார். இரண்டு முறை பேச்சு முறிந்தது. மூன்றாம் முறையும் முறிந்தால் வேறு இடம் பார்ப்பதாக மாணிக்கம் சொல்லி அனுப்பியிருந்தார். மாலதி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மூன்றாம் பேச்சு, ஹரி ராயா நோன்புப் பெருநாள் முடிந்து வந்த சனிக்கிழமை. வீட்டு முன்னால் நீலக் கூடாரம், நாற்காலிகள், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலிருந்து பிரியாணி. மாணிக்கம் வேனில் வந்து இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தார். “மொதல்ல முடிவு. பொறவு சாப்பாடு.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு கார் நின்றது. பாத்தேக் சட்டையில் இருவர் இறங்கிச் சிரித்த முகமாக உள்ளே வந்தார்கள். பிறகு இன்னொரு கார். பிறகு ஒரு குடும்பம், கையில் குவே பலகார டப்பாவோடு.

“தம்பி, உன் ஆபீஸ்காரங்களா?” என்றார் அம்மா.

பல்கலைக்கழக அடையாள அட்டையை ஒருவர் கழுத்தில் பார்த்துவிட்டு, “ஆமாம்போல,” என்றேன். வந்தவரைப் பசியோடு அனுப்புவது எங்கள் தெருவில் எந்த இனத்துக்கும் வழக்கமில்லை. அம்மா பரிமாற ஆரம்பித்தார். அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். பொறியியல் புலம் நன்றாகவே சாப்பிட்டது.

அந்தப் புலத்துத் தளத்தில் அறிவிப்புப் போடும் எழுத்தர் புவான் ரொஹானாவைக் கண்டதும்தான் எனக்கு என் மாட்யூல் நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் அவர்கள் தளத்தைத் திறந்தேன். புலத்தின் டீன் புதிதாகக் குடிபோன வீட்டில், பெருநாளுக்கு எல்லாரையும் அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு. தலைப்பு சரி, நேரம் சரி, முகவரியும் சரி. அடியில், பெரிதாக, என் மாட்யூல், என் வரைபடம், என் வீடு. (முகவரியை யார் படிக்கிறார்கள்? எல்லாரும் வரைபடத்தைத் தொட்டு வந்துவிட்டார்கள்.)

அதே சமயம் ரொஹானாவின் கைப்பேசி அடித்தது; டீன்தான். மலாயில் அவர் சத்தமாகச் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது: “நாங்க எல்லாரும் உங்க வீட்டுலதான் இருக்கோம், டத்தோ! நீங்க எங்க?”

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் அண்டாக்கள் காலி. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. மாணிக்கம் எழுந்தார்.

“சம்பந்தம் பேச வந்தவனுக்குச் சோறு இல்ல. ஊருக்கெல்லாம் விருந்து! வாடா கணேசா, போலாம்.”

மாலதி அடுக்களை வாசலில் வெளிறிப்போய் நின்றாள். மாணிக்கம் போயே இருப்பார். ஆனால் வேனுக்கு முன்னால் மூன்று விரிவுரையாளர், பின்னால் ஒரு பேராசிரியர். வண்டியை அசைக்க முடியவில்லை.

அப்போதுதான் டீன் வந்தார். ஆளில்லாத வீட்டில் காத்திருந்து அலுத்தவர், குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சி முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதே வரைபடத்தைத் தொட்டு, தம் விருந்தினர்களைத் தேடி வந்திருந்தார். “கோழி மட்டும்தான், மாடு இல்ல,” என்று எங்களிடம் இரண்டு முறை உறுதி சொன்னார். மாணிக்கத்தின் கையில் அவரே ஒரு தட்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

மாணிக்கம் சரளமான மலாயில் கொட்டித் தீர்த்தார். டீன் தலையாட்டிக் கேட்டார். ஆயுளெல்லாம் கூட்டம் நடத்தியே பழகிய மனிதர். கைதட்டி எல்லாரையும் அமைதிப்படுத்தினார்.

“ஒருத்தருக்கு பத்து பாகாட், ஒருத்தருக்கு பாசிர் கூடாங். நடுவுல கூலாய். கூலாய்ல கல்யாணம். செத்துஜு? சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க.”

பொறியியல் புலம் முழுவதும் கை தூக்கியது. அங்கே அது அனிச்சைச் செயல். கணேசன் இரண்டு கையும் தூக்கினான். அடுக்களையிலிருந்து மாலதியின் கை, கரண்டியோடு. அம்மாவும் மெதுவாகத் தூக்கினார். மாணிக்கம் மட்டும் பாக்கி.

“இது என்னாங்க அநியாயம்! நாங்க ஒரு வேன்லதான் வந்தோம், நீங்க ஒரு யுனிவர்சிட்டியவே கொண்டாந்து ஓட்டுப் போடுறீங்க...” என்று சாத்தே குச்சியை ஆவேசமாக உயர்த்தினார்.

“ஏகமனதாக,” என்றார் டீன்.

கல்யாணம் கூலாயில் நடந்தது. ஆட்சேபம் சொல்லத்தான் குச்சியைத் தூக்கினேன் என்று மாணிக்கம் மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லுவார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அப்படி இல்லையே என்பான் கணேசன்.

திங்கட்கிழமையே களஞ்சியத்தில் இருந்த மாதிரியை நீக்கிவிட்டேன். ஏற்கெனவே எடுத்துப்போனவர்கள் எடுத்துப்போனதுதான். அவர்களிடமிருந்து பக்கத்துக் கிளை வளாகமும் வாங்கிப்போய்விட்டதாம். போன மாதம்கூட ரோபோ பயிற்சிப் பட்டறைக்கு என்று இரண்டு மாணவர்கள் வாசலில் நின்றார்கள். அம்மா பார்த்ததுமே “மக்கான் டுலு,” என்று முதலில் சாப்பிடச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது எதற்கும் ஓட்டெடுப்புதான்: எந்த ஊருக்குச் சுற்றுலா, எந்தக் கடையில் பிரியாணி. மாலதியின் மகள்தான் “செத்துஜு?” என்று கேட்டுக் கைகளை எண்ணுவாள். என் கையை மட்டும் எண்ண மாட்டாள். “மாமா கை மாதிரிக்கு,” என்பாள்.