துவான் வீட்டு அதிர்ஷ்டத்தை நான் கூட்டி எறிந்தது

விருந்துக்குப் போன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க வெளிக்கிட்டீர்களோ, தொலைந்தீர்கள். நான் தொலைந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் புலம்பெயர்ந்து வந்த குளிர்தேசத்து அஜின்கோர்ட்டில், துவான் வீட்டில்.

துவான் என்னோடு பிஸ்கட் ஃபக்டரியில் வேலைசெய்த வியட்நாமியப் பெடியன். அந்த வருடம் காதலர் தினத்துக்கு மறுநாளே அவர்களுடைய புத்தாண்டு. பெடியனுக்கு இரண்டும் வேண்டும். கூட்டாளிகளைக் கூப்பிட்டு, கடதாசி இதயங்களைத் தொங்கவிட்டு, ரோசாப்பூ, சொக்லேட் என்று ஒரே அமளி. பக்கத்திலேயே அவனுடைய அம்மா, முன்னோர் படத்துக்கு முன்னால் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். (மனுசியின் முகம் கடுகடு என்று இருந்தது.)

"நாளைக்குக் காலமை என்ர காதலி மாய் வாறாள். முதல்முதலா அம்மாவுக்குக் காட்டப்போறன். அம்மாவுக்குப் பிடிக்காட்டி என்ர சீவியம் முடிஞ்சுது" என்றான் துவான், எங்கள் இருவருக்கும் பொதுவான ஓட்டை இங்கிலீசில்.

பனி கொட்டியதால் நான் அங்கேயே படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் நிலமெல்லாம் ரோசா இதழ், கடதாசி இதயம், அவர்கள் கொறித்த வத்தகப்பழ விதைக் கோது. நல்லநாளில் வீடு இப்படிக் கிடக்கலாமா? பெண் வேறு வருகிறாள்! தும்புத்தடியை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, பையில் கட்டி, வெளியே பனியில் வைத்தேன். எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

அம்மா வந்தார். என் கையில் தும்புத்தடியைக் கண்டார். ஐயோ, அந்தக் கத்தல்!

துவான் ஓடிவந்து தலையில் கைவைத்தான். "டேய், வருசத்தண்டைக்குக் கூட்டக்கூடாதடா! வீட்டு அதிர்ஷ்டம் முழுக்கக் குப்பையோட போயிடும்!"

"உதை நேற்றைக்கே சொல்லித் துலைச்சிருக்கலாமே!"

"நீ கூட்டுவாய் எண்டு ஆருக்கடா தெரியும்?"

(அதுவும் நியாயம்தான்.)

அம்மா கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டார். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மாய்!

துவான் வாசலிலேயே நடந்ததைச் சொன்னான். அவள் பனிக்குள் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், அவிழ்த்தாள், நடு ஹோலில் கொட்டினாள். இதழ், இதயம், கோது, கொஞ்சம் பனி. பிறகு அம்மாவுக்கு முன்னால் கைகட்டி நின்று வாழ்த்துச் சொன்னாள். புத்தாண்டன்று முதலில் வருகிற ஆளோடுதான் அந்த வருடத்து அதிர்ஷ்டம் வீட்டுக்கு வருமாம். இவளோ பை நிறையக் கொண்டுவந்திருக்கிறாள். மனுசி கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

அடுத்த வருடமே கலியாணம். இப்போதும் அவர்களுடைய புத்தாண்டுக்கு நான் போனால், அந்த வீட்டுத் தும்புத்தடி துவானின் கார் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கும். துவானின் மகள் என் காலடியில் வேண்டுமென்றே சிப்ஸைக் கொட்டிவிட்டு, "அங்கிள், டோன்ட் டச்!" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் மனுசியைத் தவிர.

"வேற ஆக்கள்ர வீட்டை அவ்வளவு வடிவாக் கூட்டின மனுசன்," என்பாள் திரும்பி வரும் வழியெல்லாம், "எங்கட வீட்டில தும்புத்தடி எங்க இருக்கெண்டு தெரியுமே?"